பாத்திரம் வைக்காத அடுப்பு

கொடிமலை உச்சியில்
இருபத்தோரு சன்னல் உள்ள வீட்டில்
எனக்கு வேலை, காற்றோடு.

சம்பளத் தாளில் பராமரிப்பாளர் என்று இருக்கிறது.
டாக்டர் ஓய் சொன்னது இவ்வளவுதான்:
மழை மாதங்களில் ராத்திரி ரெண்டு மணி நேரமாவது
அந்த இரும்படுப்பை எரிக்கணும் அங்கிள்,
பியானோவில் பூஞ்சை பிடிக்கக்கூடாது.

ஆக, நெருப்பு பியானோவுக்கு.
நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வதைப் பற்றி
பேச்சே வரவில்லை.

குட்டை அடுப்பு. நாலு கால், வயிற்றில் ஒரு கதவு.
முதல் வாரம் அதன் தலையில் எதுவும் வைக்காமல் எரித்தேன்.
பட்டர்வொர்த் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்கு
அது சரியாகப் படவில்லை.
தீ என்றால் மேலே சோறு இருக்கவேண்டும்,
இல்லையென்றால் எதிரே சாமி,
அதுவும் இல்லையென்றால் உள்ளே ஆள்.
சும்மா எரிகிற தீ
யாரோ திறந்துவிட்டுப் போன குழாய் மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் மனசு கேட்காமல்
ஒரு கெண்டி தண்ணீர் வைத்தேன்.
கெண்டி ஆவி விட்டது.
சுவரிலிருந்த ஈரமானியின் முள்
எண்பதைத் தாண்டியது.
இறக்கிவிட்டேன்.

காட்டில் விழுந்த மரத்தைத் தொடக்கூடாது.
ரப்பர் கட்டை ஜீப்பில் ஏறி வரும், பாதி நனைந்து,
பால் வெட்டிய கோடுகள்
பட்டையில் இன்னும் சாய்ந்தபடியே.
ஈரக் கட்டை எரிவதற்கு முன்
உஸ்ஸென்று ரொம்ப நேரம் புகார் சொல்லும்.
கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஊதுபத்தி கொளுத்தி அறை அறையாக நடந்தேன்.
புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை.
கூரை பார்க்க வந்த பாக் மான் கேட்டார்,
பூஜையா?
ஆமாம், காற்றுக்கு.
நாற்பத்துமூன்று வளைவு எண்ணியபோது
பத்தி தீர்ந்துபோனது.
பழைய பேப்பரைக் கிழித்துத் திணித்தேன்:
பாதி மந்திரி, ஒரு மணமகன் தேவை,
முந்தின மாதத்து நாலு நம்பர் முடிவு.
காலையில் எல்லாம் தரையில் கிடந்தன.
காற்று படித்துவிட்டுப் போட்டிருந்தது.

சுலோஜனா செத்தாப்பாக்கில், பதினேழாவது மாடி.
ஏர்கோனைப் பதினெட்டில் வைத்து
கனத்த கம்பளிக்குள் தூங்குகிறவள்.
இங்கேயும் சில ராத்திரி பதினெட்டுதான்;
நான் தீ மூட்டுகிறேன்.
உங்களுக்குச் சம்பளம் கொடுத்துத் துரத்துறதை
நான் பில்லு கட்டி வாங்குறேன்ப்பா
என்று சிரிப்பாள்.
சிரித்து முடிந்ததும்
இரண்டு பக்கமும் காலி.
அவள் பிரிந்து வந்ததை நான் கேட்டதில்லை.
நான் ஏன் மலை ஏறினேன் என்று
அவள் கேட்டதில்லை.

நேற்று ராத்திரி ஒன்றரைக்குக் கூப்பிட்டாள்.
கட்டடம் முழுக்க மின்சாரம் இல்லையாம், லிஃப்ட்டும்.
வேர்க்குதுப்பா.
வேர்வைக்கு அப்படிக் குரல் உடையாது.

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
எழுந்துபோய்
வடக்குச் சன்னலின் பேப்பரை உருவினேன்,
நானே இரண்டு முறை திணித்ததை.
ஓட்டைக்கு நேராக போனைப் பிடித்தேன்.
உள்ளே வந்தது
மழையையும் பெரணியையும் தாண்டி,
கீழே ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தையும் தாண்டி.

அவள் பேசவில்லை.
போன் அணைந்துவிட்டதா என்று பார்த்தேன்,
நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.
கொஞ்சம் கழித்து,
இன்னும் கொஞ்ச நேரம் வைங்க, என்றாள்.

முள் எழுபத்தாறு. எழுபத்தொன்பது.
அடுப்புக்குள் ஒரு கட்டை உடைந்து உட்கார்ந்தது.
பியானோவிடம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.
வலது கை விறைத்ததும்
இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.